பொதுச் சந்தையும் பேரிக் கன்றுகளும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் ஆண்டின் மாரிக்காலப் புலரியொன்றில், மெல்பேண் மாநகரின் கிழக்கே எழுந்த டொன்காஸ்டர் மேட்டு நிலம், வெண்பனியை இழுத்துப் போர்த்துக்கொண்டு, பள்ளியில்லா நாளின் மாணாக்கனைப்போல் எழ மனமின்றிக் கிடந்தது; சரிவுதோறும் இலையுதிர்த்த பேரி மரங்கள் வெறுங்கிளைகளை விண்ணோக்கி உயர்த்தி, வராத வெயிலுக்கு வழக்குரைத்து நின்றன. குளிரோ, சுவை தேரும் படிப்பாளரே, கூவ வாய்திறந்த சேவலும் நாளைக்குப் பார்த்துக்கொள்வோமென்று அலகை மூடிக்கொள்ளும் குளிர். கூட்டிச் சொல்கிறேனென்று எண்ணுவோர் எண்ணுக. அச்சேவலை நான் அறிவேன்.

அந்நிலத்துக்கு உரியவன், யாழ்ப்பாணத்தில் வேளாண் அலுவலனாயிருந்து கடல் கடந்து வந்த விக்னராஜா. அவன் தோட்டத்துப் பேரிப்பழங்கள் மரப்பெட்டிகளில் ஏறி, கப்பலின் குளிரறையில் உறங்கி, இலண்டன் கடைகளில் கண்விழிப்பன. எஞ்சிய வெற்றுச் சரிவில் நடுவதற்கென வாங்கிய கன்றுகள், ஈரச்சாக்கு வேர்களைத் தழுவக் கொட்டிலில் காத்திருந்தன. அவை காய்த்துப் பலன்தர ஆண்டுகள் சில செல்லும்; அப்போதும் இலண்டன் வாங்குமா என்பதே வினா. கோவாவென்று அவர்கள் வழங்கும் முட்டைக்கோசு நட்டாலோ, அண்டை நகரமே வாங்கிக்கொள்ளும், தோட்டமும் பிழைக்கும்.

இவ்வினாவுக்கு விடையளிக்க முன்வந்தவர், அதே வீட்டில் வாழ்ந்த அவன் தமக்கை இராஜேஸ்வரியின் கணவர் மகேந்திரராஜா. கொழும்பு வணிக அமைச்சில் நெடுங்காலம் பணியாற்றிய அப்பெருமகனார், பிரித்தானிய அமைச்சரவை தும்மினால் பல்லாயிரங் கல் தொலைவிலிருந்து கைக்குட்டை எடுத்து நீட்டுபவர். வானொலிச் செய்தி வாசிப்போன் மூச்சுவிடும் இடைவெளியில் அடுத்த செய்தியைத் தாமே உரைத்துவிடுபவர்.

பிரித்தானியாவின் நிலையோ இரங்கத்தக்கதாயிருந்தது. கதிரவன் மறையாப் பேரரசு கழன்றுபோக, ஆலைகள் அயலார்க்குப் பின்தங்க, துறைமுகங்கள் வேலைநிறுத்தத்தில் வாளாவிருக்க, கடற்கால்வாய்க்கு அப்பால் பிரெஞ்சு நாடு முதலான ஆறு நாடுகள் தம்முள் சுங்கத் தடை நீக்கிப் பொதுச் சந்தை அமைத்துச் செழிப்பதைக் கண்டு, தன்னையும் சேர்க்குமாறு அது கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. உட்புகுந்தால், அந்த ஆறு நாடுகளும் அயற்பொருள்மேல் எழுப்பிய தீர்வை மதிலைத் தானும் எழுப்பவேண்டும். மதிலுக்கு வெளியே நிற்பவற்றுள் விக்னராஜாவின் பேரியும் ஒன்று.

"என்ன அத்தான், நடட்டோ? கோவாவைப் போடட்டோ?"

"நடு தம்பி! பிரெஞ்சுக்காரன் ரெண்டு தரம் கதவைச் சாத்தினவன். மூண்டாந்தரம் திறப்பானோ?"

"நீங்கள் கதவடியிலை நிண்டு பாத்தனீங்களோ?" என்றாள் இராஜேஸ்வரி, தேநீரை நீட்டியவாறே. "நேற்று மழை வராதெண்டீங்கள். உடுப்பெல்லாம் ஈரம்."

"மழை வேறை, அரசியல் வேறை!"

விக்னராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தான், அத்தானின் முகத்தை நோக்கினான், மண்வெட்டியை எடுத்தான். நண்பகலுக்குள் சரிவு முழுதும் கன்றுகள் நின்றன.

மறு ஆண்டு இலண்டன் நாடாளுமன்றத்தில் நாட்கணக்கில் சொற்போர் நிகழ்ந்தது. ஆளுங் கட்சியினர் சிலர் தம் தலைவரின் முகத்துக்கு நேரே மறுத்துரைத்தனர், எதிர்க்கட்சியினர் பலர் தம் தலைவரைக் கைவிட்டு ஆளுங் கட்சியோடு வாக்களித்தனர், சேர்வதென்றே முடிவாயிற்று. பிரெஞ்சுக்காரன் மூன்றாம்முறை கதவைத் திறந்தான். எழுபத்து மூன்றின் புத்தாண்டு நாளில், பிரித்தானியாவோடு வேறிரு நாடுகளும் சேர, ஆறு நாடுகள் ஒன்பதாயின. மகேந்திரராஜா அன்று செய்தி முடியுமுன்னரே வானொலியை அணைத்தார்.

அடுத்த கோடையில் இலண்டன் வணிகர் இத்தாலியப் பேரியின்பால் திரும்பினர். பெட்டிகள் கொட்டிலிலேயே தங்கின. பழங்கள் கனிந்து, அழுகி, தேனீக்களுக்கு விருந்தாயின. வீடுகட்டுவோர் வந்து நிலத்தை அளந்தனர், விக்னராஜா விற்பனைப் பத்திரத்தில் கையொப்பமிட்டான்.

மரம் பிடுங்கும் பொறி வந்த காலையில் மூவரும் சரிவின் தலையில் நின்றனர். முதிய மரங்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. இளங்கன்றுகளின் முறை இனி; அவை அவ்வாண்டுதான் முதன்முதலாகக் காய்த்திருந்தன, குழந்தையின் கைமுட்டி அளவில், பச்சையாய்.

"கோவாவைப் போட்டிருக்கலாமடா," என்றார் மகேந்திரராஜா, யாரையும் நோக்காமல்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அத்தான். கப்பல்காரர் சொன்னவை, இந்த முறை பிரித்தானியா உள்ளை போயிடுமெண்டு."

"பிறகேன் நட்டனீ?"

"நீங்களெல்லோ நடச் சொன்னனீங்கள். அத்தானுக்கு முன்னாலை இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

இராஜேஸ்வரி தம்பியின் தோளைப் பற்றினாள். "எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமேடா. நான் வாயடிச்சிருப்பனே."

பொறியை ஓட்டுவோன் கன்றுகளின் முன் நிறுத்தி, தொடங்கலாமா என்று கையுயர்த்தினான். விக்னராஜா, பிறவியோடு வந்த பணிவினாலே, அப்போதும் அத்தானின் முகத்தையே நோக்கி நின்றான். அவர் தலையசைத்தார்.

மன்னுயிர் பல கோடி வாழும் நாட்டுக்கும், மூவர் வாழும் இல்லத்துக்கும், மறுத்துரைக்க ஓர் அவை வேண்டும் போலும், படிப்பாளரே. தலைவரை எதிர்த்து எழுந்தவர்கள் அங்கே மறுநாளும் அவரோடு ஒரே கூரையின்கீழ் அமர்ந்தார்கள். இங்கே மதிப்பு வாய்பொத்தி நின்றது. அன்பும் அதனருகே வாய்பொத்தி நின்றது. ஈரமண் பற்றிய வேர்கள் மட்டுமே, பிடுங்கப்படும்போது, சிறிது நேரம் வரமறுத்தன.