குட்டைப் பாலத்து வழி

என் வண்டியில் இடது பக்கத்து சீட் காலியாகத்தான் வருகிறது. அதற்குப் பதிலாக டேஷ்போர்டில் ஒரு பெட்டியை ஒட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் ஜி.பி.எஸ். லாரிக்கென்றே செய்ததாம். வண்டியின் உயரம், நீளம், எடை எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் எந்த ரோட்டில் போகலாம், எதில் கூடாது என்று அதுவே பார்த்துக்கொள்ளுமாம். உள்ளே ஒரு பெண் குரல். "முந்நூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை பேசுவாள். நாம் பேசினால் அவளுக்குக் காது கேட்காது. இப்படி ஒருத்தியோடு ஓசூரிலிருந்து சென்னைக்குப் போய்வா என்றால் மனுஷனுக்குக் கோபம் வருமா, வராதா?

அந்த சீட் ஆஞ்சப்பனுடையது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இரண்டு பேரும் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். வழி தெரியாத ஊர் என்றால் அவனுக்கு ஒரே குஷி. ஓரங்கட்டச் சொல்லி இறங்கிவிடுவான். அத்திப்பள்ளியைத் தாண்டினால் கன்னடம், குப்பம் பக்கம் போனால் தெலுங்கு பேசுவான். ஒரு ஆளிடம் கேட்டுவிட்டு வரமாட்டான். மூன்று பேரிடமாவது கேட்பான். வந்து மூன்று வழியையும் சொல்லி, "இதுல எவன் சொன்னது புளுகுன்னு கண்டுபுடி, பாக்கலாம்" என்பான். போன இடத்தில் டீயும் குடித்து, அந்த ஆளின் மகளுக்கு ஒரு மாப்பிள்ளையையும் சொல்லிவிட்டுத்தான் வருவான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். இப்போது அந்தக் காத்திருப்புக்கு ஏங்குகிறேன். வழி தப்புவதில்லை, நேரத்துக்குப் போய்ச் சேர்கிறேன், யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சர்க்கரை வியாதி அவன் வலது பாதத்தில் புண்ணாக வந்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேறு ஆள் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டேன். "வழி பாக்கத்தான் ஜி.பி.எஸ். இருக்கே, சம்பங்கியண்ணா" என்றான், டிராக்கிங் பார்க்கிற அசோக்குமார். ஆஞ்சப்பன் என் பக்கத்தில் உட்கார்ந்தது வழி பார்க்க என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இவனிடம் என்ன பேசுவது என்று வந்துவிட்டேன்.

சாமல்பட்டியில் ஆஞ்சப்பன் வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். செயற்கைக் காலுக்கு அளவெடுக்க கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் வரச்சொல்லியிருந்தார்கள். தேதி கொடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், போகவில்லை.

"இப்பிடியே மடக்கிப் போட்டுக் கெடந்தா முட்டி வெறச்சிக்கும், அப்புறம் காலே மாட்ட முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருண்ணா" என்று அவன் மனைவி செல்வம்மாள் வாசல்வரை வந்து அழுதாள். "வர்ற வெள்ளிக்கிழம கடைசியா வரச்சொல்லியிருக்காங்க. எங்கிட்டகூட வாயத் தெறக்க மாட்டேங்கறாரு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தூங்கும்போதுகூடப் பேசுகிற பயல் அவன். கால் போனால் வாயுமா போகும்?

அந்தப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. வண்டி எங்கே ஓடுகிறது என்று சரக்கு வாங்குகிறவர் தன் போனில் பார்த்துக்கொள்ள லிங்க் அனுப்பலாம். மேப்பில் ஒரு பச்சைப் புள்ளி நகரும். அதை ஆஞ்சப்பன் மகள் அனுப்ரியாவுக்கு அனுப்பினேன். "உங்கப்பன் கையில குடும்மா. நான் எங்க போறன்னு பாத்துக்கிட்டாச்சும் கெடக்கட்டும்" என்றேன். இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள்.

"அப்பா பேசல மாமா. ஆனா போனக் கீழ வெக்க மாட்டேங்கறாரு. சார்ஜ் போடக் கேட்டாலும் தர்றதில்ல."

அப்படியா சேதி என்று நினைத்துக்கொண்டேன். நான் கியர் மாற்றினாலே நொட்டை சொல்கிறவன், எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பான்? அவனுக்குப் பொறுக்காத தப்பாக ஒன்று நான் பண்ண வேண்டும். பண்ணினால் கூப்பிட்டுத் திட்டுவான். முதலில், சூளகிரி தாண்டி அவன் ஜென்மத்துக்கும் மிதிக்கமாட்டேன் என்று சொன்ன ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தி, அந்தத் தண்ணிச் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டேன். போன் அடிக்கவில்லை. வயிறுதான் கெட்டது.

புதன்கிழமை வந்துவிட்டது. அன்று தர்மபுரியில் சரக்கை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு ராயக்கோட்டை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். ராயக்கோட்டைக்கு முன்னால் ஒரு கிராமத்து ரோடு பிரியும். உள்ளே போனால் ரயில் பாதைக்கு அடியில் ஒரு குட்டைப் பாலம். டெம்போ நுழையும், என் வண்டி மாதிரி கன்டெய்னர் நுழையாது. ஒரு காலத்தில் நானும் ஆஞ்சப்பனும் தெரியாமல் போய் அதில் மாட்டிக்கொண்டோம். எல்லா டயரிலும் காற்றை இறக்கி, வண்டியைத் தாழ்த்தி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தோம். காற்றடிக்க ஆள் வரும்வரை வரப்பில் உட்கார்ந்து தக்காளி தின்றுகொண்டு சிரித்தோம். அந்த மாதிரி நான் பிறகு சிரித்ததில்லை.

அந்த ரோட்டில் வண்டியைத் திருப்பினேன்.

"உயரக் கட்டுப்பாடு உள்ள பாதை. திரும்பிச் செல்லவும்" என்றாள் பெட்டிக்காரி. அவள் வந்த நாளிலிருந்து சொன்னதில் இது ஒன்றுதான் உருப்படியான பேச்சு. "நீ செத்த சும்மா இரும்மா. இது எங்க ரெண்டு பேரு விஷயம்" என்றேன்.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். அசோக்குமார்.

"அண்ணா, ரூட் மாறிப் போறீங்க. இங்க அலர்ட் வருது."

"வரட்டும்."

"அந்த ரோட்ல பாலம் இருக்குண்ணா."

"தெரியும். போன வை. இன்னொருத்தன் கூப்பிடணும்."

இரண்டு பக்கமும் தக்காளித் தோட்டம். ரோடு குறுகிக்கொண்டே போனது. பாலம் கண்ணில் பட்டது. வண்டியை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்தேன். போன் ஊமையாகக் கிடந்தது. பார்க்கிறானா, தூங்குகிறானா? பார்த்தும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டானா? சம்பங்கி எக்கேடு கெட்டால் என்ன என்று ஆகிவிட்டதா அவனுக்கு? கண் எரிந்தது. கன்டெய்னர் நெற்றியும் பாலத்து விளிம்பும் முட்டிக்கொள்ளும் தூரம் வந்தாயிற்று. இடித்தாலும் இடிக்கட்டும் என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

போன் அடித்தது.

"நிறுத்துடா டேய்" என்றான் ஆஞ்சப்பன். "நிறுத்து. கண்ணு அவிஞ்சி போச்சா உனக்கு? எவன்டா உனக்கு லைசென்ஸ் குடுத்தான்? ஒரு மனுசன் நாலு மாசம் படுத்தா ஓட்டவே மறந்துருவியா?"

பிரேக்கை மிதித்தேன். அவன் மூச்சுவிடாமல் திட்டினான். என் பாட்டனையும் விடவில்லை. நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டேன். அவ்வளவு சுகமாக இருந்தது.

திட்டி முடித்து, "பின்னால எடு" என்றான். பின்னால் எப்படி எடுப்பது? ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் கல்வேலி. கண்ணாடியில் பார்த்தால் தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று வந்து நிற்கிறது.

"பின்னாடி யாரு நிக்கறா?" என்று கேட்டான்.

"நம்ம ஆளு யாருமில்லடா. ஒரு டெம்போக்காரருதான் வந்து நிக்கறாரு."

பிறகு, "அந்த டெம்போக்காரன்கிட்ட போனக் குடு. ஸ்பீக்கர்ல போடு" என்றான்.

டெம்போக்காரர் தன் வண்டியைப் பின்னால் எடுத்து ஒதுக்கிவிட்டு, என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நின்றார். ஆஞ்சப்பன் ஒவ்வொன்றாக அவரைக் கேட்டான். டயருக்கும் பள்ளத்துக்கும் எத்தனை சாண் இருக்கிறது? வேலி இடிக்குமா? நிற்கச் சொல்லவேண்டும் என்றால் பாடியில் ஒரு தட்டு, வரச் சொல்லவேண்டும் என்றால் இரண்டு தட்டு. அவர் ரொம்பப் பவ்யமாக "ஆகட்டுங்கண்ணா, ஆகட்டுங்கண்ணா" என்று தட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தேன். வண்டிக்குப் பின்னாலிருந்து "வா, வா, வா" என்று அவன் குரல் வந்தது. இன்ஜின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அது போதும் எனக்கு.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"வேணும்னேதானடா போன?" என்றான்.

"இல்லடா, இந்தப் பொட்டிதான்..."

"பொய் சொல்லாத. அந்தப் பாலத்துல காத்து எறக்கினவன் நீ."

எனக்கு அடக்க முடியவில்லை. "நீ பேசாமக் கெடந்தா நான் என்னாடா பண்றது? என்னால தனியா ஓட்ட முடியலடா" என்றேன். குரல் உடைந்துவிட்டது. டெம்போக்காரர் நாகரிகமாகத் தள்ளிப் போய் நின்றார்.

ஆஞ்சப்பன் பேச்சை மாற்றினான். "எடது பக்கம் வேலியில ஒரசிட்டல்ல?"

"கொஞ்சமா."

"போன்ல கத்தி ஆவற வேலையில்ல இது. பின்னாடி நானே வந்து நிக்கணும்" என்றான். "வெள்ளிக்கிழம காலையில வந்து என்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. அளவெடுக்கறாங்களாம்."

"வந்துர்றேன்டா" என்றேன். அவன் போனைக் கட் பண்ண மறந்து அப்படியே கீழே போட்டிருக்க வேண்டும். "செல்வம், பசிக்குது. சோறு போடு" என்று மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.