எட்டாம் வரிசையின் காது

விமரிசனம் வெளிவந்த பத்தாம் நாள் அவளுக்கு அரங்கத்து வேலை போயிற்று. பதினான்கு வருஷம் அந்தப் பெரிய பியானோவுக்குச் சுருதி சேர்த்தவள். எந்தத் தந்தி மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும், எந்த ஆணியைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் வம்பு என்பதெல்லாம் அவள் கைக்கு அத்துப்படி. மேலாளர் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கைபேசியைத் திருப்பிக் காட்டினார்.

‘நேற்றைய கச்சேரியில் பியானோவின் மேல்கோடிச் சுரங்கள் செத்துக் கிடந்தன. மரப்பலகையைத் தட்டுவதுபோல் டொக் டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதற்குச் சுருதி சேர்த்தவருக்குக் காது கேட்காது போலும்.’

எழுதியவர் எட்டாம் வரிசை. அது அவருடைய வலைப்பூவின் பெயர். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் எட்டாவது வரிசையில்தான் உட்காருவார் என்பதால் ஆளுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

“யாரோ ஒருத்தர் எழுதினதுக்கா என்னைப் போகச் சொல்றீங்க?”

“ஒருத்தர் இல்லம்மா. இருபத்து மூணு பேர் அதை அவங்கவங்க பிளாக்ல எடுத்துப் போட்டிருக்காங்க. இப்பல்லாம் பேப்பரை யாரு பாக்குறாங்க? பிளாக்கைப் படிச்சுட்டுத்தான் டிக்கெட் வாங்குறாங்க.”

“நீங்களும் அன்னிக்கு உள்ளதானே இருந்தீங்க? உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?”

மேலாளர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார். “எனக்குச் சங்கீதம் அவ்வளவாத் தெரியாது.”

வீட்டுக்கு வந்து கருவிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். தங்கையும் அவளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தங்கைக்குப் பொது நூலகத்தில் வேலை. அவள் வந்து விளக்கைப் போட்டபோதும் இவள் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அவன் கிடக்கான் விடுக்கா, வேற இடமா இல்ல?” என்றாள் தங்கை.

“விடுறதா? காது கேக்காதுன்னு எழுதிட்டான்டி. டியூனரைப் பாத்து.”

மறுநாளிலிருந்து அவள் படிக்க ஆரம்பித்தாள். எதிராளியைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி அடிப்பது? ஒன்றைத் திறந்தால் அது இன்னொன்றுக்கு வழிகாட்டியது. சங்கீதத்துக்கு இத்தனை வலைப்பூவா என்று மலைத்துப்போனாள். பழைய இசைத்தட்டுகளை மட்டும் எழுதும் ஒருவர். செல்லோ வாசிக்கும் வில்லின் குதிரைமயிரைப் பற்றியே நூற்றைம்பது பதிவு போட்ட ஒருவர். ஒவ்வொரு அரங்கத்திலும் யார் எந்த இடத்தில் இருமினார்கள் என்று கணக்கெடுக்கும் கணக்கு வாத்தியார். ஒரே கச்சேரிக்குப் போய்விட்டு ஒரே பக்கத்தில் சண்டை போடும் கணவன் மனைவி. அவர்கள் சண்டையைப் படிக்கவே ஐயாயிரம் பேர். இதற்கெல்லாம் நடுவில் எட்டாம் வரிசை ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் நன்றாக இருக்கிறது என்றால் மற்றவர்களுக்கும் நன்றாக இருந்தது.

அவருடைய ஆறு வருஷப் பதிவுகளையும் ஒன்றுவிடாமல் படித்தாள். முதல் நான்கு வருஷம் குறை சொல்ல முடியவில்லை. மனிதர் கேட்கத் தெரிந்தவர்தான். அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. ஐந்தாம் வருஷத்திலிருந்து ஏதோ மாறியிருந்தது. வயலின்கள் எல்லா ஊரிலும் ‘அடக்கி வாசித்தன’. புல்லாங்குழல் ‘கூச்சப்பட்டது’. ஒரு பதிவில், ‘ட்ரையாங்கிள்’ என்ற முக்கோணக் கம்பியைக் கிணுகிணுவென்று தட்டும் பெண் கச்சேரி முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்ததாகக் கிண்டல் செய்திருந்தார். அதற்குக் கீழே யாரோ, ‘ஐயா, அவர் நாற்பது தடவையாவது அடித்தாரே’ என்று எழுதியிருந்தார்கள்.

படித்துக்கொண்டே வந்தவள் தன்னைப் பற்றிய பதிவுக்குத் திரும்பிப் போனாள். மரப்பலகையைத் தட்டுவதுபோல். டொக் டொக். பியானோவின் கடைசிச் சுரங்களில் சுத்தி தந்தியில் படும்போது இரண்டு சத்தம் எழும்: கண்ணாடி மணிபோல் ஒன்று, அதனடியில் மரம் இடிக்கிற சத்தம் ஒன்று. மணி கேட்காதவனுக்கு மரம் மட்டும்தான் கேட்கும்.

“பியானோவுக்கு ஒண்ணும் ஆகலடி!” என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினாள். “அவன் காதுதான் அவுட்டு!”

தங்கை கரண்டியோடு வந்து நின்றாள். “அப்படின்னா பாவம்க்கா. எழுதிப் போடு, புரிஞ்சுக்குவார்.”

“எழுதினா அழிச்சிடுவான். எல்லார் முன்னாடியும் கேக்கணும்.”

சந்தர்ப்பம் தானாக வரவில்லை, அவள்தான் வரவழைத்தாள். வலைப்பதிவர்கள் வருஷத்துக்கொரு முறை தங்கை வேலை பார்க்கும் நூலகத்து மாடிக்கூடத்தில் கூடுவார்கள். கூட்டத்தை நடத்துபவர் இசைத்தட்டுக்காரர். அவரிடம் போய், “இந்தத் தடவை ஒரு விளையாட்டு வைக்கலாமே சார்” என்றாள். “ரெண்டு பியானோவைக் கொண்டுவந்து திரைக்குப் பின்னாடி வைப்போம். ஒண்ணுல நான் ஒரு குறை வைக்கிறேன். எதுலன்னு அவங்க சொல்லணும்.” அவருக்கு அவள் யாரென்று தெரியாது. குழந்தைபோல் குதூகலித்தார்.

அன்று காலையிலேயே நூலகத்துக்குப் போய்விட்டாள். இடது பியானோவை ஒழுங்காகச் சுருதி சேர்த்தாள். வலது பியானோவுக்குத்தான் நேரம் பிடித்தது. அதன் நடுப்பகுதியை இடதைவிட ஒருபடி இனிமையாக்கினாள். சுத்திகளின் கம்பளியை ஊசியால் குத்திக் குத்திப் பஞ்சாக்கினாள். பிறகு மேல்கோடிக்குப் போனாள். ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று தந்தி. கடைசிப் பதினைந்து சுரங்களில், மூன்றில் ஒன்றை மயிரிழை தளர்த்தினாள். ஒவ்வொரு ஆணியிலும் சுருதிச் சாவியைத் திருகும்போது ‘இது உனக்கு’ என்று சொல்லிக்கொண்டாள். முடிந்ததும் வாசித்துப் பார்த்தாள். உடைந்த சோடாப்புட்டிகளை மூட்டையில் கட்டிக் குலுக்கினதுபோல் இருந்தது. திருப்தியாக மூடி வைத்தாள்.

கூடம் நிரம்பியது. வில்லுக்காரர் வந்தார். கணவன் மனைவி வந்து தனித்தனியாக உட்கார்ந்தார்கள். எட்டாம் வரிசை எட்டாவது வரிசையிலேயே உட்கார்ந்தார். திரையின் ஓரத்து இடுக்கு வழியாக அவள் அவரை முதன்முதலாகப் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, தேய்த்த சட்டை. மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர் என்று இசைத்தட்டுக்காரர் சொல்லியிருந்தார். முப்பது வருஷம் மோட்டார் அறைகளின் இரைச்சலில் நின்றவர்.

பள்ளிக்கூடத்து இசை ஆசிரியை ஒருவர் மேலே மேலே ஏறித் துள்ளும் ஒரு சின்ன உருப்படியை இரண்டிலும் வாசித்தார். இரண்டாவது பியானோவில் மேல்கோடிக்குப் போனபோது கூடம் முழுக்க முகத்தைச் சுளித்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி பல்கூச்சம் வந்ததுபோல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். சிலர் சிரித்தார்கள். வழக்கம்போல் முதலில் எட்டாம் வரிசையைத்தான் கேட்டார்கள்.

அவர் எழுந்தார். “இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டாவதுதான் ஒழுங்கான பியானோ. நடுவுல என்ன ஒரு குழைவு! மேல போகப் போக சும்மா பளிங்கு மாதிரி. மொதலாவதை யாரு டியூன் பண்ணினாங்களோ, அவங்களை ஸ்கூலுக்குத் திருப்பி அனுப்பணும்.”

யாரும் கைதட்டவில்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். “என்ன?”

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். குரல் நிதானமாக இருந்தது.

“ரெண்டையும் நான்தான் சார் டியூன் பண்ணேன்.” வலது பியானோவின் கடைசிச் சுரத்தை அடித்தாள். கூடம் கூசியது. “இப்ப என்ன கேக்குது?”

“மரத்துல…” என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

இன்னொரு முறை அடித்தாள். “எல்லாருக்கும் கேக்குது. உங்களுக்கு மரம் மட்டும்தான் கேக்குது, இல்ல? நடுவுல குழைஞ்சதை வச்சுத்தான் மேலயும் பளிங்குன்னு சொல்லிட்டீங்க. அரங்கத்துலயும் அதேதான். அன்னிக்குப் பியானோ நல்லா இருந்துச்சு சார். காது கேக்காதுன்னு எழுதினீங்களே, அது என்னோட காது இல்ல.”

அவர் மெதுவாக உட்கார்ந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள், நன்றாகப் பார்த்தாள்.

அடுத்த ஒரு வாரம் அவளுக்குக் கொண்டாட்டம். எட்டாம் வரிசையின் மூக்குடைந்த கதையை எழுதாத வலைப்பூ இல்லை. இருமல் வாத்தியார் வரைபடமே போட்டிருந்தார். காலைக் காப்பியோடு ஒவ்வொன்றாகப் படித்தாள். நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கை, “போதும்க்கா, கேக்கவே கஷ்டமா இருக்கு” என்றபோதும், “இன்னும் ஒண்ணே ஒண்ணுடி” என்றாள்.

மூன்று வாரம் கழித்து எட்டாம் வரிசை எழுதினார். காது எவ்வளவு கேட்கிறது என்று மருத்துவர் போட்டுக்கொடுத்த வரைபடத்தை அப்படியே படமெடுத்துப் போட்டிருந்தார். பறவைகள் குறைந்துவிட்டன என்று தான் இரண்டு வருஷமாக நம்பியதை எழுதியிருந்தார். பேத்தி கூப்பிட்டும் திரும்பாமல் போனதை எழுதியிருந்தார். படித்தவர்களெல்லாம் அழுதார்கள். இசையே கேட்காதவர்கள்கூட வந்து படித்தார்கள். அவருக்கு முன்பிருந்ததைவிட நாலு மடங்கு வாசகர்கள். அதில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழைய விமரிசனமும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்றிரவே அவருக்கு, ‘உங்கள் காதைப் பற்றி ஊரே அழுகிறது. என் வேலையைப் பற்றி நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறது. என்னை வந்து பாருங்கள்’ என்று முகவரியோடு எழுதி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். இரண்டு காதிலும் புதுக் கருவி. தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“தப்புதாம்மா” என்றார், தேவைக்கு மேல் உரக்க. “உங்களைப் பத்தி எழுத வெக்கமா இருந்துச்சு. இன்னிக்கே அந்தப் பதிவை எடுத்துடுறேன்.”

“எடுக்க வேணாம். அதுக்கு மேலயே எழுதுங்க. பியானோ சரியா இருந்துச்சு, எனக்குத்தான் கேக்கலன்னு. என் பேரைப் போட்டு.”

“எழுதுறேன்.”

“உங்களுது மட்டும் பத்தாது.” மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். இருபத்து மூன்று வலைப்பூக்களின் பெயர்கள். “இவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே கேட்டு மாத்த வைக்கணும்.”

அவர் தாளைப் படித்தார். “இதுல பாதிப் பேரு இப்ப எழுதுறதே இல்லம்மா.”

“தேடிப் பிடிங்க.”

“அக்கா…” என்றாள் தங்கை.

“நீ சும்மா இரு.”

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். செய்யமாட்டார் என்றுதான் நினைத்தாள். செய்தார். வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று திருத்தங்கள் வந்தன. வில்லுக்காரர் ஒற்றை வரியில் திருத்தினார். கணவன் மனைவி அதற்கும் சண்டை போட்டுக்கொண்டு திருத்தினார்கள்.

நாலாம் மாதம் அரங்கத்து மேலாளர் கூப்பிட்டார். புது டியூனர் சரியில்லையாம். “அரங்கத்தோட வலைப்பக்கத்துல நீங்களும் எழுதிப் போடுங்க, அப்புறம் பாக்கலாம்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவர் இன்னும் எழுதவில்லை, அவளும் போகவில்லை. வீட்டுப் பியானோக்களே போதிய அளவுக்கு வந்துகொண்டிருந்தன.

ஒரே ஒரு வலைப்பூதான் பாக்கி. அதை எழுதியவர் போன வருஷமே இறந்துவிட்டாராம். எட்டாம் வரிசை தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அவரோட பொண்ணுகிட்ட பேசினேன். கடவுச்சொல் தெரியலங்குறாங்க. இதை மட்டும் விட்டுடலாமாம்மா?”

அவள் ஒரு வீட்டுக் கூடத்தில், திறந்த பியானோவுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். ஒரு கையில் சாவி. செத்தவர்மேல் அவளுக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வரி அங்கேயே கிடக்கும்; யார் தேடினாலும் கிடைக்கும்.

“அந்தப் பொண்ணு நம்பரைக் குடுங்க” என்றாள். “நானே பேசிக்கிறேன்.”