ஹாஜ் தாமியின் பேத்தி

ஃபெஸ் நகரத்தின் பழைய கோட்டைக்குள், கழுதையும் மனிதனும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டுதான் போக முடிகிற ஒரு சந்தின் கோடியில் அந்த விருந்தினர் இல்லம் இருந்தது. முதலாளி பாரிஸில் இருந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி அங்கே எல்லாம் தூரியாதான். நாற்பத்தொன்பது வயது, கணீரென்ற குரல், கசங்காத கஃப்தான் அங்கி. சாவிக்கொத்திலிருந்து புதினாக் கட்டு வரைக்கும் அவள் கைபட்டுத்தான் நகரும்.

அவளிடம் ஒரு கதையும் இருந்தது. விருந்தாளிகளின் முதல் நாள் சாப்பாட்டில், புறாக்கறி அடைத்துச் சுட்ட பஸ்தீலாவை அறுக்கும் சமயம் பார்த்து முற்றத்துத் தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு சொல்வாள். பதினான்கு வருஷமாகச் சொல்கிறாள். துப்புரவு வேலையிலிருந்து மேனேஜராக உயர்ந்த புதிதில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், "இது உங்க குடும்பத்து வீடா?" என்று கேட்டாள். ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது. அந்த அம்மாள் எழுந்து வந்து தூரியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவளிடம் துண்டு கேட்டவர்கள் உண்டு, சோப்பு கேட்டவர்கள் உண்டு. கையைப் பிடித்தவர்கள் இல்லை. அடுத்து வந்தவர்களுக்கு ஒரு தாத்தா சேர்ந்தார். அதற்கடுத்து வந்தவர்களுக்கு ஆரஞ்சு மரம் சேர்ந்தது. இப்போது சொல்லும்போது சரியான இடத்தில் தொண்டை கம்மும்.

"இன்னிக்கு அழுகை உண்டா?" என்று சமையல்கார ரக்கிய்யா கேட்பாள்.

"வாயை மூடிக்கிட்டு வெங்காயத்தை நறுக்கு" என்பாள் தூரியா.

வசந்த விடுமுறையில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு அக்கா தங்கை, நடுவில் ஒரு தம்பி. எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், அல்லது தாண்டப் போகிறவர்கள். மூத்தவள் பதூல், மரியாதைக்கு லல்லா பதூல், ரபாத்தில் மருந்துக் கடை வைத்திருந்தவள், ஒல்லி, பேச்சும் குறைவு. தம்பி ஜவாத் ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், தொப்பைக்காரர். கடைக்குட்டி நுஃபீஸா கனடாவில் குடியேறியவள். அறை அவள் கணவர் பேரில் பதிவாகியிருந்தது. சேர்ந்தாற்போல மூன்று பேரும் ஒரே வீட்டில் படுத்து முப்பது வருஷம் ஆச்சாம்.

வந்ததிலிருந்து அவர்கள் எதையும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்கிற வழியைக்கூடக் கேட்கவில்லை. ஜவாத் படியேறிப் போய்த் தாழ்ந்த வளைவில் தானாகத் தலையைக் குனிந்துகொண்டார். அதைத் தூரியா பார்த்தாள். ஆனால் ஒன்றும் தோன்றவில்லை.

அந்திச் சாப்பாட்டுக்கு மூவரும் முற்றத்து நீரூற்றருகே உட்கார்ந்தார்கள். வேறு விருந்தாளிகள் இல்லை. தூரியா புறாக்கறி பஸ்தீலாவை அறுத்து வைத்துவிட்டுத் தூணுக்குப் போனாள்.

"இது என் தாத்தா ஹாஜ் தாமி கட்டின வீடுங்க. பட்டு வியாபாரி. இந்த ஆரஞ்சு மரத்தை எங்கப்பா பொறந்த அன்னிக்கு நட்டாராம். நான் பொறந்தது மேலே, அதோ, நீலக் கதவு ரூம். வீடு கைவிட்டுப் போச்சு. ஆனா இந்தத் தூணைத் தொட்டா இன்னும் அவர் மூச்சு கேக்கும்."

தொண்டை கம்மியது. ஜவாத்தின் கை பாதி வழியில் நின்றது. பதூல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுஃபீஸா மட்டும் பக்கென்று சிரித்துவிட்டாள்.

"ஜவாத் அண்ணே! எங்க யாருக்கும் தெரியாம உனக்கு ஒரு பொண்ணு இருக்காளா?"

"இவ பொறந்தப்போ எனக்குப் பதினஞ்சு வயசுகூட ஆகியிருக்காது" என்றார் ஜவாத், கணக்குக் கேட்டதுபோல.

தூரியாவுக்குப் புரியவில்லை. பழக்கத்தில் புன்னகைத்தாள்.

"ஹாஜ் தாமிக்கு மூணே பிள்ளைங்கம்மா" என்றாள் நுஃபீஸா. "அந்த மூணும் இதோ உன் பஸ்தீலாவைத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கு. எங்கள்ல யாருக்குப் பொறந்தே நீ? சொல்லிடு, ஆசையா இருக்கு."

"நுஃபீஸா, போதும்" என்றாள் பதூல்.

"அக்கா, அப்பா மூச்சு கேக்குதாம்க்கா அவளுக்கு!"

"போதும்னு சொன்னேன்ல."

தூரியாவின் கை இன்னும் தூணில்தான் இருந்தது. எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. எப்படி எடுப்பது என்றுதான் தெரியவில்லை. "டீ கொண்டு வரேன்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

ரக்கிய்யா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். அது கேலியைவிட மோசமாக இருந்தது.

"நீ கொண்டு போய்க் குடேன்" என்றாள் தூரியா.

"என்னால முடியாதும்மா. நீயே போ."

போனாள். வழக்கமாகக் கெண்டியைத் தலைக்கு மேலே தூக்கி நுரை பொங்க ஊற்றுவாள். அன்றைக்குக் கிளாஸில் முட்டும்படி வைத்து ஊற்றியும் தட்டெல்லாம் சிந்தியது. கடைசியில் ஜவாத், "டீ நல்லாருக்கு" என்றார். நல்ல மனுஷர். அந்த நல்ல வார்த்தை தாங்காமல் அவள் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே திரும்பினாள்.

மறுநாள் காலையில் உடம்பு சரியில்லை என்று போன் செய்துவிடலாமா என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தாள். ரொட்டிக் கடை வாசலில் ஒருமுறை திரும்பியும் நடந்தாள். பிறகு வந்து கதவைத் திறந்தால், பதூல் மட்டும் ஆரஞ்சு மரத்தடியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வா, உக்காரு" என்றாள்.

"பரவாயில்லைங்க லல்லா, நிக்கிறேன்."

"ஹாஜ் தாமிங்கிற பேர் உனக்கு எப்படித் தெரியும்?"

"சந்துல இன்னும் அப்படித்தாங்க சொல்றாங்க. ஹாஜ் தாமி வீடுன்னு." பிறகு, கேட்காமலே வந்தது. "நான் இந்த வீட்டுல பொறந்தது நெசம் லல்லா. நீலக் கதவு ரூம் இல்ல. மாடி மூலையில, இப்ப துண்டு அடுக்கி வெச்சிருக்கோம்ல, அந்த ரூம். நீங்க எல்லாம் போனப்புறம் ரூம் ரூமா வாடகைக்கு விட்டாங்க. நாங்க ஏழு பேர். இருபத்தஞ்சு வயசு வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

"அது மாவு மூட்டை வெக்கிற ரூம்" என்றாள் பதூல். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நான் ஒரு தடவை வந்திருக்கேன், அப்பாவோட" என்றாள் பதூல். "முத்தம் பூரா கொடி கட்டித் துணி காஞ்சுது. அப்பா வாசப்படியிலேயே நின்னுட்டார். உள்ளே வரலை. கைக்குட்டையை மூக்குல வெச்சுக்கிட்டார். நானும் வெச்சுக்கிட்டேன்."

"தெரியும் லல்லா. எனக்கு அப்போ எட்டு வயசு." தூரியா ஆரஞ்சு மரத்தைப் பார்த்துப் பேசினாள். "வீட்டுக்காரர் வரார்னு எங்கம்மா விடியக்காலையிலேயே முத்தத்தைக் கழுவினாங்க. எங்களை எல்லாம் குளிப்பாட்டி வரிசையா நிக்க வெச்சாங்க. பக்கத்து ரூம்ல இரவல் வாங்கின கிளாஸ்ல டீ ஊத்தி வெச்சிருந்தாங்க. துணியை எடுக்க மட்டும் மறந்துட்டாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு, துணியைப் பத்தித்தான் அழுதாங்க."

பதூல் கண்ணை மூடித் திறந்தாள். "டீ வெச்சிருந்தது எங்களுக்குத் தெரியாது."

"நீங்க உள்ளே வந்திருந்தாத்தானே தெரியும்?" என்று சொல்லிவிட்டுத் தூரியாவே நடுங்கிப்போனாள்.

பதூல் கோபிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. "உங்கம்மா டீயைக் குடிக்காமப் போன ஆளு. அவரை எதுக்கு உன் தாத்தாவா ஆக்கினே? ஊர்ல வேற பேரே இல்லையா?"

தூரியா குனிந்து உதிர்ந்து கிடந்த ஓர் ஆரஞ்சு இலையைப் பொறுக்கினாள்.

"உங்கப்பா பேரென்ன?"

"ஹம்மு." சொன்னதும் அவளுக்கே திக்கென்றது. மேனேஜரான பிறகு அந்தப் பேரை இந்த வீட்டுக்குள் அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "தவுனாத் பக்கத்து மலைக்காரர். கோவேறு கழுதை ஓட்டிச் சுமை தூக்கினார். இந்தச் சந்துல வர்ற ஒவ்வொரு வீட்டு மூட்டையும் அவர் முதுகுல வந்ததுதான். அவரைச் சொன்னா யாரு லல்லா நிமிர்ந்து பாப்பாங்க?"

அவள் அழவில்லை. எப்போதும் சரியான இடத்தில் கம்முகிற தொண்டை இப்போது வறண்டு கிடந்தது. கதையில் ஹாஜ் தாமியை வரவழைப்பதற்காக ஒவ்வொரு முறையும் அவள் யாரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பதூல் எழுந்தாள். "எங்கப்பா ரொம்ப நல்லவர்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவர் எங்க அப்பா. மரம், மூச்சு, நீலக் கதவு, எதை வேணாலும் சொல்லிக்கோ. அவர் பேரை மட்டும் விட்டுடு."

"சரிங்க லல்லா."

"எனக்காகச் சரின்னு சொல்லாதே."

பதூல் தோளைத் தொடவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நுஃபீஸாதான் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டு, மூலை அறையைப் பார்த்தே தீர வேண்டும் என்று அடம் பிடித்தாள். தூரியா கூட்டிப்போனாள். அடுக்கி வைத்த வெள்ளைத் துண்டுகளுக்கு நடுவே இரண்டு பேர் நிற்கவே இடம் போதவில்லை.

"ஏழு பேரா?" என்றாள் நுஃபீஸா.

"படுத்தா அப்பா கால் கதவுக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கும்."

நுஃபீஸாவுக்கு அன்று மீதி நாள் முழுக்கச் சிரிப்பு வரவில்லை. கிளம்பும்போது ஜவாத், "நீ கதை சொல்ற மாதிரி எங்க வீட்டுல யாருக்கும் சொல்ல வராதும்மா" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். தூரியாவுக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. சந்து திரும்பும் வரை அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதூல் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்பெயினிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரட்டைப் பிள்ளைகள். பஸ்தீலா வைத்த பிறகு அந்த அப்பா கண்கள் விரிய முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது யார் வீடு என்று கேட்டார். அடுக்களையில் ரக்கிய்யாவின் கத்திச் சத்தம் நின்றது.

தூரியா தூணிடம் போகவில்லை. கையில் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஹாஜ் தாமின்னு ஒருத்தர் கட்டினது. எங்களுக்கு உறவில்லை" என்றாள். "எங்கப்பா ஹம்மு, சுமை தூக்கினவர். மாடியில மூலை ரூம்ல வாடகைக்கு இருந்தோம். ஏழு பேர்."

"ஓ" என்றார் அவர். அந்த அம்மாள் பிள்ளையின் கழுத்துத் துணியைச் சரிசெய்தாள். சற்றுப் பொறுத்து, மாடி அறையில் வைஃபை கிடைக்குமா என்று கேட்டார்கள்.

கிடைக்கும் என்றாள். காது சுட்டது. ஹாஜ் தாமியைச் சொன்ன நாட்களில் ஒருநாளும் சுட்டதில்லை. அப்பா பேரைச் சொல்லும்போதுதான் சுடுகிறது என்று தெரிந்தபோது அவளுக்கு அதுவும் அவமானமாக இருந்தது. அடுக்களைக்குத் திரும்பி வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவ ஒன்றுமில்லாத கைகளை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.