உடையப்பன் கோடு

உடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் ஃபர்னிச்சர் ஃபேக்டரியின் பின்பக்கம், பாலிஷ் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் இந்தச் சடங்கு நடக்கும். பின்கால் இல்லாத நாற்காலி அது. ஸ்டீல் குழாயை வளைத்து வளைத்துச் செய்வது. முன்னால் இரண்டு கால் இறங்கி, தரையோடு பின்பக்கம் ஓடிப் படுத்திருக்கும். உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் சோதனை. அதற்கென்று இருந்த மெஷினின் மோட்டார் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. "உடையப்பன் இருக்கறப்ப மெஷின் எதுக்குங்க தம்பி" என்பார் புரொடக்‌ஷன் மேனேஜர் கோபாலசாமி. உடையப்பன் சிவகங்கைப் பக்கம், எங்கள் வெல்டர், நூற்றி நாலு கிலோ. இருநூறு தடவை உட்கார்ந்து எழுந்து, கடைசியாக அசையாமல் உட்காருவார். இருக்கை எங்கே நிற்கிறதோ அங்கே கோடு. டெஸ்ட் ஷீட்டில் 'எடை 104' என்று அச்சடித்தே வைத்திருந்தோம்.

நான் டிசைன் படித்தவன். இந்தத் திமிர் இல்லாதிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. கல்லூரியில் பௌஹவுஸ் என்று ஒரு ஜெர்மன் கலைப்பள்ளியைப் பற்றிப் படித்துப் பைத்தியம் பிடித்துத் திரிந்தேன். ஓவியன், தச்சன், நெசவுக்காரி, இரும்பு வேலைக்காரன் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்து, சாதாரண மனிதனின் வீட்டுக்கு நாற்காலியும் விளக்கும் செய்யக் கனவு கண்ட இடம். அந்த வட்டத்தில் பிறந்ததுதான் இந்தப் பின்கால் இல்லாத நாற்காலியும். நானும் அப்படி ஏதாவது செய்யப் போகிறேன் என்று நம்பினேன். செய்தது, நூறு வருஷத்துக்கு முந்தைய நாற்காலிக்கு நகல், அதுவும் ஹோட்டல் லாபிகளுக்கு. மனதை ஆற்றிக்கொள்ள என் கேபினில் அந்தப் பள்ளி மாணவர்கள் மாடியில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்றை ஒட்டியிருந்தேன்.

ஒருநாள் கையெழுத்துப் போட வந்த உடையப்பன் அதைப் பார்த்துவிட்டு, "இவுகள்லாம் யாரு சார்?" என்று கேட்டார். சொன்னேன். பதினாலு வருஷம்தான் நடந்தது, மூன்று ஊர் மாறினார்கள், கடைசியில் அரசாங்கம் நெருக்கி மூடவைத்தது, பலர் நாட்டைவிட்டே போனார்கள் என்றேன்.

"எல்லாத்துக்கும் விசா கெடச்சுச்சா?"

"சில பேருக்குக் கிடைச்சுது."

"கெடைக்காதவக?"

கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டு செத்தவர்களைப் பற்றி எனக்குத் தெரியும். ஷீட்டை நீட்டினேன்.

அந்த வருஷம் மார்ச்சில் குழாயின் வளைவைக் கொஞ்சம் அகலமாக்கி ஒரு புது வரைபடம் போட்டேன். வளைவு அகலமானால் நாற்காலி விறைப்பாகும் என்பது என் கணக்கு. பழைய நாற்காலி உடையப்பனுக்கு முப்பத்திநாலு மில்லிமீட்டர் இறங்கியது. புதியது ஏப்ரலில் முப்பத்தொன்று. ஜூனில் இருபத்தெட்டு. ஆகஸ்ட்டில் இருபத்தைந்து. ஒவ்வொரு மாதமும் கோடு மேலே ஏறியது. ஒரே வரைபடம் மாதாமாதம் எப்படி நன்றாகிக்கொண்டே போகும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். வளைக்கிறவர்களுக்குக் கை பழகிவிட்டது என்று நானே பதில் வைத்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் போட்ட ஒரு கோடு ஜெயிக்கிறது. கேள்வி கேட்க யாருக்கு மனது வரும். வீட்டில் பெண் ரக்ஷிதாவிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். "குட் ஃபார் யூ, அப்பா" என்று போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

துபாயில் ஒரு கலைக்கூடம் பௌஹவுஸ் கண்காட்சி வைக்கப் போவதாகவும், அசல் நாற்காலிகள் கண்ணாடிக்குள் இருக்கும், பார்க்க வருகிறவர்கள் உட்கார நூற்றிருபது நகல் வேண்டும் என்றும் ஆர்டர் வந்தது. நானே கோபாலசாமியிடம் போய், இவ்வளவு விறைப்புக்குக் குழாயின் கனம் வீண், இரண்டு மில்லி வேண்டாம், ஒன்றரை போதும் என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல். மெல்லிய குழாயில் செய்த மாதிரி நாற்காலி உடையப்பனுக்கு முப்பத்தொன்று இறங்கியது. பாஸ். "கொழாய் ரொம்ப லேசாத் தெரியிதே சார்" என்று மட்டும் உடையப்பன் சொன்னார். வளைவு தாங்கும் என்றேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்து, பிறகு வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனார்.

நாற்காலிகள் லாரியில் ஏறிப்போன மறுநாள், மாதிரி நாற்காலியில் சும்மா நான் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் வந்த கோபாலசாமி சுவரைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க தம்பி, நீங்களும் உடையப்பன் கோட்டுக்கே எறங்கறீங்க! வூட்டுல நல்ல சாப்பாடுங்களா?" சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் எழுபத்திநாலு கிலோ. ஷீட்டில் உடையப்பன் நூற்றி நாலு.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் உடையப்பனை டெஸ்பாட்ச் தராசில் ஏற்றினேன். பூட்ஸோடு எழுபத்திமூன்று. தொளதொள டூட்டி உடுப்புக்குள் பெல்ட்டை ஒன்றரைச் சுற்றுக் கட்டியிருந்தார். கழுத்தெலும்பு அப்போதுதான் கண்ணில் பட்டது. ஐந்து மாதமாக ஒரு கை தூரத்தில் நின்று கோடு போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த ஆளை நான் பார்க்கவில்லை.

"சோறு தொண்டையிலயே நின்டுக்கிருது சார். கஞ்சி மட்டுந்தான் எறங்குது. கேம்ப் ரூம்ல கேட்டா சுகர்னு சொல்லிருவேன். கிளினிக்ல பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாக."

"போகலையா?"

"போனா கம்பெனிக்குத் தெரிஞ்சுருமே. மாசியில விசா முடியிது. சீக்காளிய எவன் சார் புதுப்பிப்பான்? ஜோதிமணி நர்சிங் முடிக்க இன்னும் ஒன்றர வருசம் கெடக்கு. அதுவரைக்கும் ஓட்டிட்டேன்னா, அப்பறம் எம் மகளே ஊசி போடட்டும்."

கடைசி வார்த்தைக்குச் சிரிக்கப் பார்த்தார். "கொழாயப் பத்தி அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொன்னா எடை போடுவீகளேன்னு பயந்துட்டேன். யார்ட்டயும் சொல்லிராதீக சார்."

சொல்லவில்லை. சொன்னால் நூற்றிருபது நாற்காலியும் திரும்பி வரும், அவர் தராசில் ஏறுவார், ஊருக்குப் போவார். அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று ராப்பகலாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பொய். குழாயை மெலிதாக்கச் சொன்னவன் நான். ஆஸ்பத்திரிக்காவது போங்க என்று வற்புறுத்தியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. அவர் போனால் என் கோடும் போய்விடும்.

ஒன்பதாவது நாள் கண்காட்சியில் ஒரு பெரியவர் உட்கார்ந்தார், நாற்காலி முன்வளைவில் மடிந்தது. மணிக்கட்டு முறிந்தது அவருக்கு. மறுநாள் காலை கோபாலசாமி டெஸ்ட் ஷீட்டோடு வந்து, எல்லோர் முன்னிலையிலும் உடையப்பனைத் தராசில் நிறுத்தினார். எழுபத்தொன்று.

"கம்பெனிய ஏமாத்திப் போட்டயே உடையப்பா. உனக்கு ஒடம்பு எளைச்சா எங்கிட்டச் சொல்ல வேண்டாமா?" கோபாலசாமி கெட்டவர் இல்லை. குரல் உடைந்துதான் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமுங்களா தம்பி?"

நான் தராசைப் பார்த்தேன். "சாருக்கு எப்புடித் தெரியும்" என்று உடையப்பன் முந்திக்கொண்டார். "நாந்தே மறச்சேன்." அவ்வளவுதான், கலாஸ். விசா கேன்சல், வியாழக்கிழமை டிக்கெட். எனக்கு ஒரு வார்னிங் லெட்டர் வந்தது. அதில் என் பெயரை எழுத்துப்பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.

வியாழன் மதியம் மூன்று மணிக்கு ஏர்போர்ட் வேன். இரண்டரைக்கே உடையப்பன் ஒரு சின்னப் பையோடு வந்துவிட்டார். இஸ்திரி போட்ட கட்டம்போட்ட சட்டை, பழைய உடம்புக்குத் தைத்தது. ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வீட்டுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். லீவுல வர்றேன்னு சம்சாரம் சரோஜாட்ட சொல்லியிருக்கு என்றார். ஊரில் ஒரு நல்ல டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி, படிக்காமல், சீட்டோடு சேர்த்து வைத்தார். ஆறு மாதம் முந்திக் கொடுத்திருக்க வேண்டிய காகிதம் என்பது இருவருக்கும் தெரியும்.

"என்னய எடை போட்டதக் கடேசி வரைக்கும் காட்டிக் குடுக்கலயே சார். அத மறக்க மாட்டேன்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது, "வேன் வர நேரமாகும், உட்காருங்க" என்பதுதான்.

சுற்றிப் பார்த்தார். அங்கே இருந்தது மெல்லிய குழாயில் செய்த அந்த ஒரு நாற்காலிதான், சுவரோரம், கோடுகளுக்குப் பக்கத்தில். பையை மடியில் வைத்துக்கொண்டு, பழக்கம் போல முதுகை நிமிர்த்தி, அசையாமல் உட்கார்ந்தார். முகத்தைப் பார், அந்த மனுஷன் முகத்தை ஒரு தடவையாவது பார் என்று உள்ளே அடித்துக்கொண்டது. என் கண் சுவருக்குத்தான் போனது. பையின் எடையையும் சேர்த்து, இருக்கை கடைசிக் கோட்டைத் தொடாமல் மேலேயே நின்றது.