இரண்டாவது ஃபோல்டர்

"சார், ரெண்டு பேர் ஃபோல்டர்லயும் ஒரே ஆள் பேசுறாரு."

பேச்சுப் பயிற்சி டீச்சர் என் அறை வாசலில் நின்று இதைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கையில் ஹெட்போன் இருந்தது. மெஷினிலிருந்து பிடுங்கிய வேகத்தில் வயர் தரையில் இழுபட்டது. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். எல்லாப் பிரிவும் ஒரே பொது டிரைவில்தான் சேமிக்கும். யாராவது எதையாவது அழித்துவிட்டு, இல்லையென்றால் ஒன்றின் மேல் இன்னொன்றைப் போட்டுவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு வருவார்கள். நான் பழைய காப்பியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். அதனால் எனக்குக் 'குப்பைத்தொட்டி சார்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் நர்ஸ்களின் போன் புத்தகத்தில் என் எண்ணுக்கு எதிரே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

டீச்சரின் வேலை வேறு மாதிரி. தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுக்கப்போகிறவர்களை, ஆபரேஷனுக்கு முன்னால் உட்காரவைத்து இருநூறு வாக்கியம் படிக்கச் சொல்லிப் பதிவு செய்வார். 'கதவைச் சாத்திட்டு வா', 'எனக்குத் தண்ணி வேணும்', 'இன்னிக்கு வெயில் ஜாஸ்தி' என்று தினசரி பேசுகிற பேச்சுதான். அதை ஒரு கம்பெனிக்கு அனுப்பினால், கையடக்கமான ஒரு கருவி செய்து தருவார்கள். எழுத்தைத் தட்டினால் அந்த ஆளின் குரலிலேயே அது பேசும். ஆபரேஷன் முடிந்துவிட்டால் மறுபடி பதிவு செய்ய வழியே கிடையாது.

நடந்தது இதுதான். ஒன்றரை மாதத்துக்கு முன், ஒரே நாள் காலையில் ஒரு பஸ் கண்டக்டரும் ஒரு பெயிண்டரும் வந்து அடுத்தடுத்துப் பேசியிருக்கிறார்கள். அன்றைக்கு வேலை தலைக்கு மேல் இருந்ததால் டீச்சர் இரண்டு பேருடையதையும் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் டூ' என்று அப்படியே டிரைவில் போட்டுவிட்டார். போன வாரம் நோயாளி எண்ணைப் பெயராக வைத்து இரண்டு ஃபோல்டர் திறந்து மாற்றும்போது, ஒன்றையே இரண்டு முறை காப்பி செய்துவிட்டு, பழையதை அழித்துவிட்டார். வாக்கியம் ஒன்று, வாக்கியம் இரண்டு என்று ஃபைல் பெயரெல்லாம் ஒன்றேதான் என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்று கம்பெனிக்கு அனுப்பப் போகும்போதுதான் காதில் மாட்டிக் கேட்டிருக்கிறார்.

"பயப்படாதீங்க டீச்சர், பத்து நிமிஷம்," என்றேன்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சர்வர் தினமும் தன்னைத்தானே ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளும். அழிப்பதற்கு முந்தின நாளுக்குப் போனேன். நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் டூ, இரண்டும் பத்திரமாக இருந்தன. இரண்டு குரல்களும் இருந்தன. டீச்சர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் சும்மா கேட்டேன், "இதுல எது யாரு?"

அவர் கண்ணைத் திறந்தார்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் அதற்கு விடை தேடி முட்டி மோதினோம். மாதத்துக்கு நாற்பது பேரைப் பார்க்கிறவர் அவர்; இந்த இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, அதே நோய், அதே கரகரப்பு. பதிவுக் கருவியில் பேட்டரி மாற்றியதில் தேதி எங்கோ பழைய வருஷத்துக்குப் போயிருந்தது. வருகைப் பதிவேட்டில் இரண்டு பேர் பெயரும் இருந்தது, யார் முன்னே யார் பின்னே என்று இல்லை. இன்னும் பின்னால் போனால், டீச்சர் முதன்முதலில் ஏற்றிய நேரமும் முதல் இரண்டு நாள் ஃபோல்டருக்குள் வைத்திருந்து பிறகு எடுத்துவிட்ட குறிப்பும் கிடைத்திருக்கலாம். ஆனால் அந்தக் காப்பிகள் இல்லை. முப்பது நாளுக்கு மேற்பட்டதைச் சர்வர் தானாகவே தூக்கிப் போட்டுவிடும். முன்பு தொண்ணூறு நாள் இருந்தது. இடம் போதவில்லை என்று போன வருஷம் அதை முப்பதாகக் குறைத்தவன் நான். டீச்சரிடம் அதைச் சொல்லவில்லை. "பழசு போயிடுச்சு," என்று மட்டும் சொன்னேன்.

பெயிண்டர் ஆபரேஷனுக்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை. அவர் கொடுத்திருந்த எண் உபயோகத்தில் இல்லை. அதை நான்கு முறை போட்டுப் பார்த்த பிறகுதான், எடுத்தாலும் அந்த மனுஷனால் எப்படிப் பேச முடியும் என்று உறைத்தது.

டீச்சர் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதில், மறுநாள் காலை கண்டக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். கழுத்தில் வெள்ளைத் துணி, சட்டைப் பையில் சின்ன நோட்டு, பேனா. ஆள் நல்ல உயரம். உட்காரச் சொன்னால்கூட நின்றபடியே கம்பியைப் பிடிப்பதுபோல் அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா முதலில் கேட்டது, "நம்ம வீட்டு ஆளு குரலு நமக்குத் தெரியாதா? போடுங்க தம்பி," என்று.

முதல் ஃபோல்டரைப் போட்டேன். வேகமான, வெட்டி வெட்டிப் பேசும் குரல். கதவைச் சாத்திட்டு வா. இரண்டாவது கொஞ்சம் நிதானம். வாக்கியத்தின் கடைசிச் சொல் பள்ளத்தில் இறங்குவதுபோல் தணிந்துபோகும். கதவைச் சாத்திட்டு வா.

"முதல்ல போட்டதுதான்," என்றார் அந்த அம்மா, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

கண்டக்டர் தலையை ஆட்டினார். நோட்டை எடுத்து எழுதி என் பக்கம் நீட்டினார். 'ரெண்டாவது.'

"ஏங்க, முப்பத்திரண்டு வருஷமா கேக்குறவ நான். உங்க குரல நீங்க என்னைக்குக் கேட்டீங்க?"

அவர் மறுபடியும் அந்த எழுத்தின் கீழே கோடு போட்டார். டீச்சர் சமாதானமாகச் சொன்னார், நம் குரலை நாமே பதிவில் கேட்டால் யாருக்கும் அந்நியமாகத்தான் இருக்கும், அவர் சொல்வதை வைத்து முடிவு செய்யவும் முடியாது என்று. சரி, அம்மா சொல்வதை வைத்துச் செய்யலாமென்றால், கட்டி வந்தபின் கடைசி சில மாதம் அவர் குரல் எப்படி மாறியிருந்தது என்று அந்த அம்மாவுக்கே தெளிவாகச் சொல்ல வரவில்லை. "அப்ப அவரு அவ்வளவா பேசல," என்றார். சிறிது நேரம் கழித்து, "எப்பவுமே அவ்வளவா பேசினதில்ல," என்றார்.

அப்போதுதான் டீச்சருக்குக் கடைசி ஃபைல் நினைவு வந்தது. இருநூறு முடிந்ததும், மனசில் தோன்றுவதைப் பேசச் சொல்லிவிட்டு அவர் அறையைவிட்டு வெளியே போய்விடுவாராம். அதை அவர் கேட்பதும் இல்லை. அது அவர்களுடைய சொந்த விஷயம்.

முதல் ஃபோல்டரின் கடைசி ஃபைல். நாற்காலி நகரும் சத்தம். இருமல். "என்னத்தச் சொல்றது..." கதவு திறக்கும் சத்தம். "ஒண்ணுமில்லம்மா. முடிஞ்சுதா?"

"பாத்தீங்களா! இதுதான் இவரு!" அந்த அம்மா கையைத் தட்டியே விட்டார். சிரித்தார்.

இரண்டாவதைப் போட்டேன். வெகு நேரம் மூச்சு மட்டும். பிறகு: "நீ சொல்றப்பல்லாம் காதுல விழாத மாதிரியே இருந்துட்டேன். எல்லாம் விழுந்துச்சு. இனிமே நீ பேசு. நான் கேக்குறேன்." அவ்வளவுதான். ஃபைல் முடிந்துவிட்டது.

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். நான் கண்டக்டரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது. சொன்னவனின் வெட்கமா அது, அடுத்தவன் சொல்லைக் கேட்டுவிட்டவனின் கூச்சமா? எனக்குப் பிடிபடவில்லை. பதிவுகளைப் பார்த்தால் யார் எதை எப்போது செய்தார்கள் என்று சொல்லிவிடலாம் என்ற தைரியத்தில்தான் இத்தனை வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

"இது நீங்களா?" என்றார் அந்த அம்மா.

கண்டக்டர் ஆமாம் என்று தலையசைத்தார். அதற்கு முன்பே இரண்டாவதுதான் என்று சொன்ன மனிதர். ஆனாலும் இப்போது அந்தத் தலையசைப்பு வேறாக இருந்தது.

"இவரு அப்படிப் பேசுற ஆளில்ல தம்பி," அந்த அம்மா என்னிடம் திரும்பினார். குரல் உடைந்திருந்தது, கோபம்போலவும் இருந்தது. "அதுல தெரியாதா? கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கும்மா. பழைய காப்பி இருந்திருந்தா. முப்பது நாளுக்கு மேல வேணாம்னு வெச்சவன் நான்தான்."

டீச்சர் சட்டென்று என் பக்கம் பார்த்தார். அந்த அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப உங்களுக்கும் தெரியாது," என்று மட்டும் சொன்னார்.

"தெரியாதும்மா."

இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இது பெயிண்டர் பேச்சாக இருந்தால், கேட்க வேண்டிய இன்னொரு பெண் எங்கோ இதைக் கேட்காமலே இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். "அந்தப் பெயிண்டரு வீட்டுக்காரம்மா வந்தா ரெண்டையும் போட்டுக் காட்டுங்க," என்றார். பிறகு டீச்சரிடம், "ரெண்டாவதையே அனுப்புங்க. ஆனா நான்தான் அடையாளம் சொன்னேன்னு எழுதாதீங்க."

படிவத்தில் கண்டக்டர் கையெழுத்துப் போட்டார். நான் இரண்டு ஃபோல்டரையும் இன்னொரு இடத்தில் காப்பி செய்து, இனி அழியாதபடி பூட்டினேன். புது இடத்துக்குக் கம்ப்யூட்டர் பெயர் கேட்டது. கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. வெகு நேரம் யோசித்தும் ஒன்றும் தட்ட வரவில்லை.

நிமிர்ந்தபோது கதவுக் கண்ணாடி வழியே நடைபாதையில் அவர்கள் தெரிந்தார்கள். கண்டக்டர் நாலைந்து அடி முன்னே போய்விட்டு, பின்னால் ஆள் வராததை உணர்ந்து திரும்பினார். அந்த அம்மா சுவரோரம் நின்றிருந்தார். கண்டக்டரின் உதடுகள் அசைந்தன. வாங்க என்றோ, வா என்றோ, வேறு என்னவோ. அந்த அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இடையே அழுக்குத் துணிகள் குவிந்த ஒரு வண்டி உருண்டு வந்தது. அது கடந்து முடிகிறவரை இருவரும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.