வெளிவளையத்தில் விழுந்த அடி

பழைய இரும்புக் குவியலில் கிடந்த பேரிங்கைத் தேடியெடுத்து, அறுத்துப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி மேஜை விளக்கின் கீழே வைத்தாள் புதிதாக வந்த இன்ஜினீயர். ஃபிட்டர் குனிந்து பார்த்தார். பார்த்த உடனேயே புரிந்துவிட்டது. முப்பது வருட சர்வீஸ். இதைப் படிக்க அவருக்குக் கண்ணாடிகூட வேண்டாம்.

குண்டுகள் ஓடும் பள்ளத்தில், குண்டுக்குக் குண்டு இருக்கிற அதே இடைவெளியில், சின்னச் சின்னக் குழிகள். கிரீஸ் இல்லாமல் தேய்ந்திருந்தால் தடம் முழுக்கக் கருகி நீலம் பாய்ந்திருக்கும். இது ஓடுவதற்கு முன்பே வாங்கிய அடி. உள்ளே கிரீஸ் வேண்டிய மட்டும் இருந்ததாம். மாட்டும்போது யாரோ வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள் என்றாள். யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அந்த யாரோ அவர்தான். பேரிங்கைச் சூடாக்கித் தண்டில் ஏற்றும்போது யாரிடமோ வாயடித்துக்கொண்டு நின்றதில், அது பாதி வழியில் ஆறி இறுகிவிட்டது. கழற்றி மறுபடி சூடாக்கச் சோம்பல். உள்வளையத்தில் குழாயை வைத்துத்தான் தட்ட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மனுஷன், வெளிவளையத்தில் நேராக நாலு போடு போட்டார். இரண்டே மாதத்தில் பேரிங் ஊளையிட்டது. பிரித்துக்கூடப் பார்க்காமல், கிரீஸ் போடவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

கிரீஸ் போடுகிறவர் அவருடைய தங்கை கணவர். சொந்தம் என்றும் பார்க்காத நேர்மை என்று மேனேஜர் பாராட்டினார். ஃபிட்டர் வெட்கமில்லாமல் தலையாட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையைத் துடைப்பமும் கையுமாக முற்றம் பெருக்க அனுப்பிவிட்டார்கள்.

இப்போது நினைக்க நினைக்க உடம்பு கூசியது. இதோ வந்துவிடுகிறேன் என்று மட்டும் இன்ஜினீயரிடம் சொல்லிவிட்டு முற்றத்துக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, அந்த பேரிங்க... நான்தான் சுத்தியால அடிச்சேன்."

மாப்பிள்ளை பெருக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும் மச்சான். பக்கத்துலதானே இருந்தேன், சத்தம் கேட்டுச்சு."

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கிற யோக்கியதை தனக்கு ஏது என்று விழுங்கிக்கொண்டார்.

"ஆபீஸ்ல சொல்ல மனசு வரல," என்றார் மாப்பிள்ளை. "வீட்ல சொன்னேன். எங்கண்ணன் பொய் எழுத மாட்டாருன்னுட்டா உங்க தங்கச்சி. அன்னிலேர்ந்து எங்கிட்ட பேச்சே இல்ல."

ஃபிட்டர் அசையாமல் நின்றார். நகரச் சொல்லவும் இல்லை மாப்பிள்ளை; அவரைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனார். முற்றம் சுத்தமாகிக்கொண்டே வந்தது. நடுவில், இரண்டு பூட்ஸ் அகலத்துக்கு மட்டும் இரும்புத் தூள் அப்படியே கிடந்தது.