முன்பல் போன வழி

புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு முன்பல் கழன்று கையில் வந்தபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவளுடைய சாப்பாடு அல்ல. மகன் கடித்து, சப்பி, பிடிக்கவில்லை என்று தட்டில் துப்பிவிட்டுப் போன ரொட்டி. தூக்கிப்போட மனசு வராமல் அதை அவளே தின்று தீர்ப்பது இரண்டு வருடமாக அந்த வீட்டில் இருந்துவரும் ஏற்பாடு. நனைந்த பக்கத்தைப் பற்றி யோசிக்காமல் இருந்தால் இறங்கிவிடும். அன்று நனையாத பக்கத்தைக் கடித்ததுதான் தப்பாகப் போயிற்று.

கழன்றது பிறவிப் பல் அல்ல. பல் டாக்டர் மாட்டிவிட்ட கேப். ஆனால் நட்ட நடுவில் இருப்பது. கண்ணாடியில் பார்த்தால், அந்த இடத்தில் சீவித் தீர்ந்த பென்சில் போல ஒரு மிச்சம் நின்றது. பேசிப் பார்த்தாள். பாதி எழுத்துக்கு விசில் வந்தது.

கேப்பை ஒரு சின்னத் தட்டில் வைத்து, தட்டை டீப்பாய்மேல் வைத்தாள். சரியாக அந்த நேரம் பார்த்துப் பாப்பா தன் டயப்பரின் கொள்ளளவைத் தாண்டினாள். எட்டு மாதம், இன்னும் ஒரு பல்கூட முளைக்கவில்லை, மற்ற விஷயங்களில் வளர்ச்சி அமோகம். கீழே இறங்க வேண்டியது முதுகு வழியாக மேலே ஏறிப் பிடரி வரை போய் முடியில் கலந்திருந்தது. அது எப்படி மேல்நோக்கி ஏறுகிறது என்பது லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனுக்கே இன்றுவரை புரியாத இயந்திர நுட்பம்.

பாப்பாவைக் கழுவி, வேறு சட்டை மாட்டி, கூடத்துப் பாயில் கிடத்தினாள். டயப்பரைக் கண்ணை மூடிக்கொண்டு சுருட்டி, பால்கனியில் இருந்த கறுப்புப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். படுக்கை விரிப்பை அலசிப் பிழிந்துவிட்டு வந்து பார்த்தால் டீப்பாய்மேல் தட்டு இருந்தது. பல் இல்லை.

தட்டுக்குப் பக்கத்தில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார்.

பெரியவர் என்பது அவள் மகன். வயது இரண்டரை. பாப்பா பிறந்த அன்று அப்பா, "இனிமே இந்த வீட்டுக்கு நீதான்டா பெரியவரு" என்று சும்மா சொன்னதை அவர் பதவியேற்பாக எடுத்துக்கொண்டார். அதிலிருந்து மரியாதை ஒரு இழை குறைந்தாலும் தரையில் புரண்டு அழுவார். தற்போது மூக்கிலிருந்து மேலுதடு வரை பச்சையாக ஒரு பாதை போட்டிருந்தார். அதை அவ்வப்போது நாக்கால் சரிபார்த்துக்கொண்டார்.

"இங்க இருந்த பல்லு எங்கடா?"

பெரியவர் முறைத்தார்.

"பல்லு எங்கங்க, பெரியவரே?"

"அம்," என்றார்.

"ஐயையோ. முழுங்கிட்டீங்களா?"

"ஆமா."

பெரியவர் அந்த மாதம் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். பசிக்கிறதா என்றாலும் ஆமா, பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், பதறும்போதா ஞாபகம் வரும்? பாயில் பாப்பா வெறும் ஈறால் எதையோ மென்றுகொண்டிருந்தாள். அவள் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பவள். யாரும் கண்டுகொள்ளவில்லை.

குழந்தை டாக்டர் பெரியவரின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இருமல் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, ஊசி எங்கே என்று கேட்டு மிரட்டுகிறார். ஆக, ஆள் நன்றாக இருக்கிறார். "தானா வந்துடும்மா. திங்கக்கிழமை வரைக்கும் பாருங்க. வரலைன்னா படம் எடுத்துடலாம்."

பல் டாக்டர் அம்மாள் போனில் இன்னும் தெளிவாகச் சொன்னார். "புதுசு செஞ்சு வர பத்து நாள் ஆகும். பழசு கிடைச்சா கொண்டு வாங்க, அரை மணி நேரத்துல ஒட்டிடலாம்."

"அதையா டாக்டர்?"

"அதேதான்."

"அது எங்க போயிட்டு வருதுன்னு..."

"எங்க போயிட்டு வந்தா என்னம்மா, கொதிக்கிற ஆவியில போட்டு எடுத்துடுவேன்."

பத்து நாள் அவளிடம் இல்லை. அவள் நாலு மாடிப் பாத்திரக் கடை ஒன்றில் புகார் கவுண்டரில் உட்காருபவள். பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். விடுப்பில் அவளுக்குப் பதிலாக ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். முப்பத்திரண்டும் ஒரே வரிசையில் உள்ள பெண். "புகார் கவுண்டர்ல உக்கார்றவங்களுக்கு மூளை அப்புறம். மொதல்ல பல்லு தெரியணும்," என்பது மேனேஜரின் கொள்கை. போன வாரம் போனில், "அந்தப் பொண்ணு நல்லா பண்ணுது. நீங்க சௌகரியப்பட்டா வாங்க, இல்லைன்னா குடோன்ல எண்ணிக்கை எடுக்கிற வேலை இருக்கு," என்று அன்பாகவும் சொல்லியிருந்தார்.

குடோனில் தூசியும் எலிப் புழுக்கையும் இருந்தன. அது ஒரு பெரிய விஷயமில்லை. வீட்டில் அதைவிட ஈரமானதையெல்லாம் பார்த்துவிட்டாள். ஆனால் அந்தக் கவுண்டர் நாற்காலி காய்ந்த நாற்காலி. அதில் உட்கார்ந்தால் எட்டு மணி நேரம் யாரும் மடியில் ஏறி நனைக்க மாட்டார்கள், தோளில் கக்க மாட்டார்கள், துப்பட்டாவில் மூக்கைத் துடைக்க மாட்டார்கள். அருகிலேயே ஒரு கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள். தாழ்ப்பாள் போட்டால் கதவின் அடியில் விரல் நுழைத்து "அம்மா, என்ன பண்ற?" என்று கேட்க ஆள் கிடையாது. எட்டு மாதமாக அவள் ஆசைப்பட்டது அந்தத் தாழ்ப்பாளுக்குத்தான்.

ஆகவே வியாழக்கிழமை காலை தேடல் தொடங்கியது. உபகரணங்கள்: கையுறை, ஐஸ் குச்சி இரண்டு, சமையலறையிலிருந்து நிரந்தரமாக விடுவிக்கப்பட்ட ஒரு வடிகட்டி. கணவனுடைய பங்களிப்பு, டார்ச் அடிப்பது. கையை மட்டும் குளியலறைக்குள் நீட்டி, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு அடித்தான்.

"ஏங்க, சுவத்துக்கு அடிக்கிறீங்க."

"வெளிச்சம் பரவும்ல."

"நாள் முழுக்க கிரீஸ்ல கைய விட்டுக் கொழப்புறீங்க. இதுக்கு மட்டும் கொமட்டுதாக்கும்."

"கிரீஸ் வேற. கிரீஸுக்கு ஒரு வாசனை இருக்கு."

பெரியவரோ வாழ்நாளில் இப்படி ஒரு கவுரவத்தைக் கண்டதில்லை. ஆய் போகும் பானையில் உட்கார்ந்தால் எதிரில் அம்மா முழந்தாளிட்டுக் காத்திருக்கிறாள். வாசலில் அப்பா விளக்குப் பிடிக்கிறார். காரியம் முடிந்தால் இருவரும் கைதட்டிவிட்டு, அதை அப்படியே பத்திரமாக எடுத்துப்போய் ஆராய்கிறார்கள். தான் படைப்பது சாமானியமான பொருள் அல்ல என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சாமானியமல்லாத பொருளைக் கேட்டவுடன் தர முடியுமா? வெள்ளிக்கிழமை முழுவதும் அடக்கிக்கொண்டார்.

"நடுவுல மாட்டியிருக்கும்," என்றான் கணவன், தொழில் அனுபவத்தோடு. "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா பதறக் கூடாது. தானா இறங்கும்."

"உள்ள இருக்கிறவங்களுக்கு போன் போட்டு தைரியம் சொல்லுங்களேன்."

உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொடுத்தாள். சனிக்கிழமை காலை அது வேலை செய்தது. தேவைக்கு மேலேயே செய்தது. பானையை விட்டுத் தள்ளி, பாதி கூடத்தில் செய்தது. பெரியவர் அதன்மேல் நடந்துபோய்த் தன் பொம்மைக் காரையும் அதில் ஓட்டிப் பார்த்தார். சக்கரத் தடம் சோபா வரை போயிற்று. அவள் முட்டிபோட்டு வடிகட்டிக்கொண்டிருந்தபோது குச்சியில் கெட்டியாக ஏதோ தட்டியது.

"ஏங்க! கிடைச்சிருச்சு!"

கணவன் டார்ச்சோடு ஓடிவந்து, மூச்சை அடக்கி, முதல்முறையாக நேராகப் பார்த்தான். அவள் குழாயடியில் மூன்று முறை கழுவி, விரல் நுனியில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெளிர் மஞ்சள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கூர்.

சோளமணி.

அந்த வீட்டில் சோளம் வாங்கிப் பத்து நாள் ஆகிறது. இத்தனை நாள் அது எங்கே தங்கியிருந்தது, ஏன் இப்போது கிளம்பியது என்று யோசிக்கும்போதே அவளுக்குக் காலையில் குடித்த காபி தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கணவன் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கே கறுப்புப் பை இருந்ததால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. குப்பை வண்டி புதன், திங்கள் காலையில்தான் வரும். வெயிலில் பை உப்பி, ஒரு பக்கம் சாய்ந்து, ஏதோ யோசிப்பது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நம்பிக்கை போய்விட்டது. அவள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று உதட்டை மூடியபடி சிரித்துப் பழகினாள். மூடிய வாயால் சிரித்தால் வந்தவர்மேலேயே புகார் வைத்திருப்பவள் போல இருந்தது. "சொல்லுங்க சார், என்ன பிரச்சனை?" என்று சொல்லிப் பார்த்தாள். இரண்டு இடத்தில் விசில் அடித்தது. ரயில் கிளம்புவது போல இருந்தது.

குடோன்தான் என்று முடிவுசெய்துகொண்டு கூடத்துக்கு வந்தாள். பெரியவர் பாப்பாவின்மேல் கவிழ்ந்து, அவள் வாய்க்குள் இரண்டு விரலை விட்டிருந்தார். பாப்பா எச்சில் ஒழுகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கைய எடு! வாயில என்ன?"

விரலை நுழைத்து எடுத்தால், வெள்ளை நிறச் சட்டைப் பொத்தான்.

"ஏன்டா இத அவ வாயில போட்ட?"

'டா'வையும் ஒருமையையும் பெரியவர் இந்த ஒருமுறை மன்னித்தார். விஷயம் அவருக்கு முக்கியம்.

"பாப்பாக்குப் பல்லு இல்ல," என்றார். "வெக்கிறேன்."

"பொத்தான் எப்படிடா பல்லாகும்?"

"அம்மா பல்லு குடுத்தேன். பாப்பா அம். தொலச்சிட்டா."

இது ஆமாம் போடும் பிள்ளையின் பேச்சு அல்ல. வாக்குமூலம். அம்மாவிடம் நிறைய இருக்கிறது, பாப்பாவிடம் ஒன்றுகூட இல்லை, தட்டில் ஒன்று சும்மா கிடந்தது, இல்லாதவளுக்குக் கொடுத்தார். பெரியவர் என்றால் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

பாப்பாவைத் தூக்கி, வாயருகே காது வைத்து, மூச்சைக் கேட்டாள். சீராக இருந்தது. நாலு நாளாகப் பால் குடித்து, சிரித்து, பிடரி வரை ஏற்றி, ஒரு குறையும் இல்லாமல் இருந்தவள். பாப்பா அம்மாவின் காதுக்குள் கெட்டித் தயிராக ஒரு வாய் கக்கிவிட்டு, நலமாக இருப்பதை உறுதிசெய்தாள்.

குழந்தை பிழைத்தது என்ற நிம்மதி ஒரு நிமிடம் இருந்தது. அடுத்த நிமிடம் அவளும் கணவனும் ஒரே நேரத்தில் பால்கனியைப் பார்த்தார்கள்.

"வேணாம்," என்றான் கணவன்.

"நாலு நாள் தப்பான புள்ளைக்கு டார்ச் அடிச்சிருக்கீங்க."

"குடோன் நல்ல வேலைதான்மா. அமைதியா இருக்கும்."

"முடிச்ச அவுங்க."

முடிச்சு அவிழ்ந்ததும் மேல் மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். நாலு நாள் வெயிலில் வெந்த டயப்பர்கள் இருபத்திரண்டு. ஒவ்வொன்றும் அவளே நேர்த்தியாகச் சுருட்டி ஒட்டியது. எதற்கு இத்தனை நேர்த்தி என்று இப்போது அவள்மேல் அவளுக்கே கோபம் வந்தது. ஆளுக்குப் பதினொன்று என்று பேச்சு. கணவன் ஆறு வரை வந்தான். ஏழாவதைப் பிரித்ததும் அதற்குள்ளேயே வாந்தி எடுத்தான்.

"அது பாத்தாச்சா, பாக்கலையா?"

"பாக்கல."

"இப்ப அதையும் சேத்துத்தான் பாக்கணும்."

பார்த்தாள். அதில் இல்லை. வாசலில் பெரியவர் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்று திறக்கும்போதும் கைதட்டினார். பதினேழாவதில், வெள்ளிக்கிழமைக் கணக்கில், கீரை மசித்தது போன்ற ஒன்றின் நடுவே அது இருந்தது. நிறம்கூட மாறவில்லை. பளிச்சென்று, வேறு யாருடைய வாயையோ பார்த்துச் சிரிப்பது போலக் கிடந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பல் டாக்டர் அதை ஆவிப் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்தார். "உங்க வீட்டு ஸ்பூனவிட இது சுத்தம். வாயத் திறங்க."

அவள் வாயைத் திறக்கவில்லை. இடுக்கியின் நுனியில் அது மின்னியது. கீரை ஞாபகம் வந்தது. பதினேழு ஞாபகம் வந்தது. பிறகு தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது.

வாயைத் திறந்தாள்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்தாள். காய்ந்து இருந்தது. மேனேஜர் வந்து, அவள் சிரிப்பதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "லீவுல நல்லா ஓய்வு எடுத்திருக்கீங்க. முகமே சொல்லுது," என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற முப்பத்திரண்டு பல் பெண்ணைப் விற்பனைப் பிரிவுக்கு அனுப்பினார். குடோனுக்கு அல்ல. அவள் அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

முதல் புகார்க்காரர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். கைக்குட்டையில் சுற்றிய ஒரு ஸ்பூனை இரண்டு விரலால் எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தார்.

"நேத்து வாங்கினதும்மா. உத்துப் பாருங்க, இங்க. கறை."

உற்றுப் பார்த்தாள். கடுகில் பாதி அளவுக்கு ஒரு புள்ளி.

"இது எங்கிருந்து வந்துச்சோ, யாரு தொட்டாங்களோ. நீங்களே சொல்லுங்க, இத ஒரு மனுசன் வாயில வைக்க முடியுமா?"

அவள் நாக்கு முன்பல்லின் பின்பக்கம் ஒருமுறை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியது. அத்தனை பல்லும் தெரியச் சிரித்தாள்.

"ஒரு கொதி விட்டா போதும் சார்," என்றாள். விசிலே வரவில்லை.